அருவி நூற்ற நூல்

சென்ற ஆண்டு பெல்ஃபாஸ்டில் வாழும் என் பழைய மாணவி ஒருத்தி நீண்ட மடல் ஒன்று அனுப்பியிருந்தாள். வட அயர்லாந்தில் குக்ஸ்டவுன் என்னும் சிற்றூருக்கு அருகே, வெல்புரூக் என்ற இடத்திலுள்ள பழைய நீராலை ஒன்றைப் பார்த்துவந்த செய்தி அதில் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் எழுந்த ஆலை அது. ஓடை நீர் பெரிய மரச்சக்கரத்தைச் சுழற்ற, சக்கரம் வரிசையாக நிற்கும் மரச் சம்மட்டிகளைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. உருளையில் சுற்றிய சணல்நார்த் துணி, அந்த அடி வாங்கி வாங்கி மெருகேறுகிறது. 1961 வரை தொழில் நடந்திருக்கிறது. இப்போது அரும்பொருளாகச் செப்பனிட்டு வைத்து, வருவோர்க்கு ஓட்டிக் காட்டுகிறார்கள். "ஐயா, அந்தச் சத்தத்தைக் கேட்டபோது ஊரில் நாலைந்து பெண்கள் சேர்ந்து உலக்கை போடுவது போலவே இருந்தது. நம் பக்கத்தில் இப்படித் தண்ணீர் ஓட்டிய ஆலை ஏதேனும் இருந்ததா?" என்று முடித்திருந்தாள்.

கேள்வி எளிதாகத்தான் தெரிந்தது. விடைக்கு என்னிடம் உடனடியாக எதுவும் இல்லை.

நான் இருப்பது திருவண்ணாமலையில். இப்படிச் சொன்னதும் அருணாசலத்தையும் கார்த்திகைத் தீபத்தையும் நினைப்பவர்களே மிகுதி. எங்கள் திருவண்ணாமலை வேறு. திருவில்லிபுத்தூருக்கும் இராசபாளையத்துக்கும் உரிய மேற்குமலை அடிவாரத்தில், ஒரு சிறு குன்றின் மேல் சீனிவாசப் பெருமாள் நிற்கும் ஊர். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் மட்டும் நாடறியும். மற்ற நாள்களில் மயிலும் குரங்கும் நாங்களும்தான். இங்கிருந்து மேற்கே பார்த்தால் மலை, கிழக்கே பார்த்தால் கரிசல். மலையில் மழை பெய்தால் ஓடைகளில் சில நாள் வெள்ளம், பிறகு மணல். இந்த ஓடைகளை நம்பி யாரும் சக்கரம் வைத்திருக்க முடியாது என்பது, விடைதேடத் தொடங்கிய முதல் நாளே புலப்பட்ட செய்தி.

ஆயினும் அது முழு விடை ஆகாது. நீரை மறிக்கவும் திருப்பவும் தேக்கவும் பங்கிடவும் தமிழர் அளவுக்குப் பயின்றவர் குறைவு. கல்லணை, ஏரி, மதகு, குமிழி, மடை, முறைநீர் என்று நீர் தொடர்பாக நம்மிடமுள்ள சொற்களைத் திரட்டினாலே ஓர் அகராதி ஆகும். அந்த நீரைக்கொண்டு ஒரு கல்லைச் சுழற்றலாம் என்ற எண்ணம் ஏன் இங்கே வேர்பிடிக்கவில்லை? ஆழத்திலிருந்து நீரை மேலே கொண்டுவர ஏற்றமும் கமலையும் கண்டோம். அவற்றில் மனிதனும் மாடும் நீருக்காக உழைத்தார்கள். நீர் மனிதனுக்காக உழைத்த கதையைத் தேடினால் வடக்கே போகவேண்டியிருக்கிறது.

இமாசலம், உத்தரகாண்ட், காசுமீரம் ஆகிய மலைநாடுகளில் 'கராட்' என்னும் நீராலைகள் உண்டு. சக்கரம் படுக்கையாகக் கிடக்கும். அதன் அச்சே மேலேறி அரைகல்லைச் சுழற்றும். பல்லிணைப்பு எதுவும் இல்லை. இதில் வியப்பு என்னவென்றால், அயர்லாந்தின் மிகப் பழைய நீராலைகளும் இதே படுக்கைச் சக்கர வகைதான். வட அயர்லாந்தின் நெண்ட்ரம் மடத்தருகே தோண்டியெடுத்த, கடலேற்ற நீரில் இயங்கிய ஆலையின் மரத்தை ஆண்டுவளையம் எண்ணிக் கணித்து, கி.பி. 619 என்று காலம் சொல்கிறார்கள். நம் நாட்டில் திருநாவுக்கரசர் வாழ்ந்த நூற்றாண்டு அது. தக்காணத்தில் ஔரங்காபாத் நகரில் (2023 முதல் சத்ரபதி சம்பாஜிநகர்) பாபா ஷா முசாபிர் தர்காவை ஒட்டி 'பன்சக்கி' என்றொரு நீராலை இன்றும் காட்சிக்கு இருக்கிறது. தொலைவிலுள்ள குன்றின் ஊற்று நீரை மண்குழாய் வழியே கொண்டுவந்து, தர்காவுக்கு வரும் யாத்திரிகர்களுக்கும் பக்கிரிகளுக்கும் மாவரைத்திருக்கிறார்கள். கோதுமை தின்னும் நிலப்பரப்பு வரை நீராலை வந்திருக்கிறது. நெல்லைக் குற்றித் தின்னும் நிலத்துக்குள் அது இறங்கவில்லை. ஆறுகள் வற்றுவது ஒரு காரணம் என்றால், உணவு இன்னொரு காரணம் எனலாம்.

மூன்றாவது காரணம் ஒன்றும் உண்டென்று எனக்குத் தோன்றுகிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்று.

பிரெஞ்சு வரலாற்றாசிரியர் மார்க் பிளாக் 1935-இல் நீராலைகளைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், உரோமர் காலத்திலேயே அறியப்பட்டிருந்த இக்கருவி பல நூற்றாண்டுகள் பரவாமல் கிடந்ததற்கு அடிமைகளும் பெண்களும் மலிவாகக் கிடைத்ததையே காரணமாகக் காட்டுகிறார். அரைப்பதற்கு ஆள் இருக்கும்போது சக்கரம் எதற்கு? தெசலோனிக்காவைச் சேர்ந்த அந்திபாத்தர் என்னும் கிரேக்கக் கவி, நீர்த்தேவதைகள் வேலையை ஏற்றுக்கொண்டதால் அரைக்கும் பெண்கள் இனி விடிந்தபின்னும் உறங்கலாம் என்ற கருத்தில் ஒரு சிறு பாடல் செய்திருக்கிறார். நம் இலக்கியத்தில் அப்படியொரு பாடல் எழ வாய்ப்பே இல்லை. நம்மிடம் இருப்பது வள்ளைப்பாட்டு. குற்றும் பெண்கள் குற்றிக்கொண்டே பாடுவது. சிலப்பதிகாரத்திலும் வருகிறது, திருவாசகத்தில் திருப்பொற்சுண்ணமாகித் தெய்வ மணம் பெற்றிருக்கிறது. வகுப்பில் இவற்றை நடத்தும்போது உழைப்பின் இசை என்று நானே பலமுறை வியந்து பேசியிருக்கிறேன். என் பாட்டியின் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தவன் அப்படி வியந்திருக்கக் கூடாது. உலக்கை பிடித்தும் திருகைப் பிடி சுழற்றியும் காய்ந்துபோன மரப்பட்டை அது. கம்பும் கேழ்வரகும் அவள் கையால்தான் மாவாயின. அவள் பாடி நான் கேட்டதேயில்லை.

நீராலை வந்த இடத்தில் மக்கள் விடுதலை பெற்றார்கள் என்றும் சொல்வதற்கில்லை. 1086-இல் இங்கிலாந்தில் எடுத்த நிலக் கணக்கேட்டில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள் பதிவாகியுள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை பிரபுக்களுக்கும் மடங்களுக்கும் உரியவை. குடியானவன் வீட்டில் கைத்திருகை வைத்துக்கொள்ளக் கூடாது, ஆண்டையின் ஆலைக்கே வந்து கூலி கொடுத்து அரைக்கவேண்டும் என்று கட்டாயம் பிறந்தது. செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துத் தலைவர் ஒருவர், ஊராரிடம் பறித்த திருகைக் கற்களை மடத்தின் கூடத்தில் தளமாகப் பதித்துவிட்டார். 1381 உழவர் கிளர்ச்சியின்போது மக்கள் உள்ளே புகுந்து அந்தத் தளத்தைப் பெயர்த்து, கற்களை உடைத்துத் துண்டு துண்டாகப் பங்கிட்டு எடுத்துச் சென்றார்கள். பாட்டியிடம் இந்தக் கதையைச் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. திருகையைப் பறித்தவனை வாழ்த்தியிருப்பாளோ என்னவோ.

மாணவிக்கு விடை எழுத வேண்டுமே! தமிழ்நாட்டில் நீர் ஓட்டிய ஆலை ஒன்று இருந்தது. மாவரைக்கும் ஆலை அன்று. நூல் நூற்கும் ஆலை. எங்களுக்குத் தெற்கே, பேருந்தில் அரைநாள் பயணத் தொலைவில், பொதிகை மலையடியில் பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரம்.

ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஆண்ட்ரூ ஹார்வி, பிராங்க் ஹார்வி என்னும் உடன்பிறந்தார் 1880-களில் திருநெல்வேலிச் சீமையில் பஞ்சு வாணிகத்தில் இறங்கினார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் (1861–65) விலையேறிய கரிசல் பருத்தி, அதற்குப் பிறகும் தூத்துக்குடி வழியே கப்பலேறிக்கொண்டிருந்தது. பஞ்சை அனுப்பி நூலாக வாங்குவதைவிட இங்கேயே நூற்றுவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. இதற்கு இடையூறாக நின்றது நிலக்கரி. தெற்கே நிலக்கரி இல்லை. நெடுந்தொலைவிலிருந்து கொண்டுவந்து எரித்தால் கட்டாது. பாபநாசத்தில் தாமிரபரணி மலையைவிட்டு அருவியாக இறங்குகிறது. இருபருவ மழையும் பெறுவதால் வற்றாத ஆறு. அந்த வீழ்ச்சியின் விசையை டர்பைன்களில் செலுத்திக் கதிர்களைச் சுழற்றுவது என்று முடிவாயிற்று. 1880-களின் நடுவில் திருநெல்வேலி மில் எழுந்தது. பின்னர் தூத்துக்குடியில் கோரல் மில், மதுரையில் மதுரா மில் என்று ஹார்வி ஆலைகள் வளர்ந்தன.

ஹார்விகளின் தாய்நாட்டிலேயே இதற்கு முன்மாதிரி இருந்தது. 1771-இல் ஆர்க்ரைட் இங்கிலாந்தின் குரோம்போர்டில் நீரால் பஞ்சு நூற்றார். 1786-இல் கிளைடு ஆற்றின் அருவிகளை ஒட்டி நியூ லனார்க் ஆலை ஓடத் தொடங்கியது. 1800 முதல் அதை நடத்திய இராபர்ட் ஓவன் பெயர் தொழிலாளர் வரலாறு படித்தவர்களுக்குத் தெரிந்ததே. 1968-இல் நின்றுபோன அந்த ஆலையையும் தொழிலாளர் குடியிருப்பையும் புதுப்பித்தார்கள். 2001-இல் உலகப் பாரம்பரியக் களமாக அது அறிவிக்கப்பட்டது. நூறாண்டு பிந்திப் பாபநாசத்தில் நடந்தது அதே கதையின் தொடர்ச்சிதான். ஒரு வேறுபாடு உண்டு. மேலை நாட்டில் நீராவி வந்து நீராலையைத் தள்ளி வைத்துக்கொண்டிருந்த காலத்தில் இங்கே நீராலை புதிதாகப் பிறந்தது.

பருத்தி விளைவது கோவில்பட்டி, சாத்தூர், எட்டயபுரம் பக்கத்துக் கரிசலில். அருவி இருப்பது மலையடியில். அந்நாளில் திருநெல்வேலியோடு இருப்புப்பாதை நின்றுவிடும். அம்பாசமுத்திரம் வழியாகச் செங்கோட்டைக்குத் தொடர்வண்டி ஓடியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அதுவரை பஞ்சுப் பொதிகள் வண்டிமாட்டின் கழுத்தில்தான் போயாகவேண்டும். பருத்தி தண்ணீரைத் தேடி மேற்கே போயிற்று என்று சொல்லலாம். இதே காலத்தில் எட்டயபுரத்தில் பருத்தி ஆலை தொடங்க முயன்று, வெள்ளையரின் போட்டியில் பொருளிழந்து, 1898-இல் மனமொடிந்து இறந்தவர் சின்னசாமி ஐயர். அவர் மகன் பாரதி பிற்காலத்தில் வாழ்ந்த கடையம், பாபநாசத்துக்குக் கூப்பிடு தூரம். 1908 பிப்ரவரி 27 அன்று ஹார்விகளின் கோரல் மில் தொழிலாளர்கள் தூத்துக்குடியில் வேலைநிறுத்தம் தொடங்கியபோது வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றார்கள். பாரதியின் 'இந்தியா' அவர்கள் பக்கம் பேசியது. கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்ட அந்தப் போராட்டம் வென்றது. சில நாள்களிலேயே தலைவர்கள் சிறைப்பட்டார்கள். இவை பலரும் எழுதிய செய்திகள் என்பதால் விரிக்கவில்லை.

யாரும் எழுதிப் பார்க்காத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். விக்கிரமசிங்கபுரம் தமிழ் படித்தவர்களுக்கு ஆலையூர் அன்று. சிவஞான முனிவர் பிறந்த ஊர். சிவஞான மாபாடியம் தந்த அவர் 1785-இல் மறைந்தார். சங்கர நமச்சிவாயரின் நன்னூல் விருத்தியுரையைத் திருத்திப் புதுக்கியவரும் அவரே. நன்னூலின் பாயிரத்தில் நூலுக்கு நூல் என்று ஏன் பெயர் வந்தது என்பதற்கு ஓர் உவமை உண்டு. சொல்லே பஞ்சு, செய்யுளே இழை, புலவனே நூற்கும் பெண், அவன் வாய்தான் கை, அறிவுதான் கதிர். இருபது ஆண்டுகளாக இதை நடத்திவருகிறேன். புலவனைப் பெண்ணாக்கி, பெண்ணின் கைவேலையைப் புலமைக்கு அளவாக்கிய இடம் இது என்று மாணவர்க்குச் சொல்வதுண்டு. முனிவர் மறைந்து ஏறத்தாழ நூறாண்டில், அவர் ஊரிலேயே அந்த உவமையின் வேர் அறுந்தது. கையிருந்த இடத்தில் அருவி வந்து நின்றது. ஒரு பெண்ணின் ஒரு கதிருக்குப் பதிலாக ஆயிரக்கணக்கான கதிர்கள். 'ஆலை' என்ற சொல்லும் அப்படியே இடம்மாறியது. இலக்கியத்தில் ஆலை என்றால் கரும்பாலை. இன்று எங்கள் பக்கத்தில் அச்சொல்லைக் கேட்டு யாருக்கும் கரும்பு நினைவு வருவதில்லை.

அறுந்த வேரின் மறுமுனையைக் காண விரும்புகிறவர்கள் தொ.மு.சி. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' (1953) நாவலைப் படிக்கவேண்டும். அம்பாசமுத்திர வட்டாரத்துக் கைத்தறி நெசவாளர்களின் கதை. நூல் கிடைக்காமலும், கிடைத்த நூலுக்கு விலை கொடுக்க முடியாமலும் தறிகள் நிற்கின்றன. நூற்பாலை நிற்கும் வட்டாரத்திலேயே நூலுக்குப் பஞ்சம் என்பதை வரலாற்று நூல் எதுவும் அந்த அளவுக்கு உறைக்கச் சொன்னதில்லை.

ஐப்பசி விடுமுறையில் ஒருநாள் கிளம்பிப் போனேன். சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, கடையம் என்று மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டே போகும் சாலை. ஆலையின் உள்ளே போக நான் அனுமதி கேட்கவில்லை. கேட்டுப் பெறுவதற்கான ஆயத்தமும் இல்லை. சுற்றுச்சுவர் ஓரமாகவே நடந்தேன். மலைப்பக்கம் திரும்பினால் நீர் இறங்கும் ஓசை. அயர்லாந்துக்காரர்களின் பழைய சட்டம் ஒன்று நினைவுக்கு வந்தது. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 'இட்டுவரப்பட்ட நீரின் உறவு' என்று அதன் பெயருக்குப் பொருள். ஆலைக்கு நீர் கொண்டுவர அண்டை நிலத்தில் வாய்க்கால் வெட்டினால், நிலத்துக்காரன் உரிய ஈடு பெற்றுக்கொண்டு இசையவேண்டும். அல்லது ஆலையில் தனக்கென நாள் பெறவேண்டும். நீர் யார் நிலத்தின் வழியே வந்ததோ அவர்களும் ஆலைக்கு உறவினர். சக்கரத்தைச் சுழற்றும் நீர் குறைவதில்லை, உயரத்தை மட்டுமே இழக்கிறது. அந்த உயரம் யாருக்குச் சொந்தம் என்று ஒரு சிற்றூர்ச் சமுதாயம் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கேட்டிருக்கிறது. தாமிரபரணியில் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் என்று அணை அணையாக நீர்ப்பங்கு வகுத்தவர்கள் நாம். வயலுக்கான நீர் அது. விழும் நீருக்குப் பங்கு வகுக்க நமக்குத் தேவை நேரவில்லை. நேர்ந்தபோது நாடு நம்முடையதாக இல்லை.

ஆலைக்கு எதிரே ஒரு தேநீர்க் கடை. பக்கத்தில் அமர்ந்திருந்த பெரியவர், "என்ன சார், ரொம்ப நேரமா சொவரயே பாத்துக்கிட்டு இருக்கிய? எங்கிருந்து வாரிய?" என்றார். அப்பா, தாத்தா, தாம் என்று மூன்று தலைமுறை ஆலையில் உழைத்த குடும்பம். அருவி ஓட்டிய ஆலை என்பது அவருக்குச் செய்தியே இல்லை, தெரிந்ததுதான். என் தந்தையும் இராசபாளையத்தில் ஓர் ஆலையில் நூற்புப் பிரிவில் இருந்தவர் என்றேன். உடனே, "அப்பம் இருமல் இருக்குமே?" என்று கேட்டார். இருந்தது. அவர் இறக்கும்வரை இருந்தது. சங்கு ஊதியதும் பாதிச் சோற்றில் எழுந்து போகும் அவர் முதுகுதான் என் நினைவில் அதிகம்.

இராசபாளையம் ஆலைநகர் ஆனதற்கும் பாபநாசத்துக்கும் தொடர்பு உண்டு. பி.ஏ.சி. ராமசாமி ராஜா இராசபாளையம் மில்லை 1936-இல் நிறுவினார். பைக்காரா (1932), மேட்டூர் (1937) மின்நிலையங்களுக்கு அடுத்ததாக 1944-இல் பாபநாசம் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கி, தென்மாவட்டங்களுக்கு மின்சாரம் கிடைத்தது. முன்பு பருத்தி அருவியைத் தேடிப் போனது. இப்போது அருவி கம்பி வழியே பருத்தியைத் தேடி வந்தது. என் தந்தை காத்துநின்ற கதிர்களில் ஓரளவு தாமிரபரணியும் சுழன்றிருக்கும்.

வெல்புரூக் ஆலையைப் பற்றிப் பெரியவரிடம் சொன்னேன். சக்கரத்தைப் பழையபடி செய்து ஓட்டிக் காட்டுகிறார்கள், மக்கள் வந்து பார்க்கிறார்கள் என்றேன். கவனமாகக் கேட்டார். தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு, "சக்கரத்த வச்சிருக்காவ, சரி. அதுல வேல பாத்தவுக பேர எழுதி வச்சிருக்காவளா?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. பேருந்துக்கு நேரம் இருந்ததால் பாபநாசநாதர் கோயில் படித்துறைக்குப் போனேன். பரிகாரம் செய்து மூழ்கி எழுந்தவர்கள் உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுச் செல்வது அங்கே வழக்கமாகிவிட்டது. ஆர்வலர்கள் அவ்வப்போது இறங்கி அள்ளுகிறார்கள், மறுபடியும் சேர்ந்துவிடுகிறது. படிக்குக் கீழே கல்லிடுக்கில் ஒரு வேட்டியும் பூப்போட்ட சேலை ஒன்றும் நீரோட்டத்துக்கு அசைந்துகொண்டிருந்தன. மீன்கள் அவற்றினூடே போய்வந்தன.

வீடு திரும்பிய இரவே மாணவிக்கு எழுதினேன். நீர் ஓட்டிய ஆலை நம்மிடமும் இருந்தது என்று தொடங்கி, மேலே சொன்ன யாவற்றையும் எழுதி, கடைசியில் பெரியவரின் கேள்வியையும் அவர் சொற்களிலேயே சேர்த்தேன். அடுத்த கோடையில் மறுபடி அந்தப் பக்கம் போகும்போது கேட்டு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாள்.